மகஜரில் ‘காடு’ என்று எழுதினேன்

எங்கள் ஊரில் காடு என்றால் மானாவாரி நிலம். ‘காட்டுக்குப் போய்ட்டு வந்தர்றேன் கண்ணு’ என்று அப்பாரு கிளம்பினால், சோளத்தட்டு அறுக்கவோ கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மாடுகளைப் பார்க்கவோ போகிறார் என்று பொருள்; யானையும் காட்டெருமையும் நடமாடும் இடத்தை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். காங்கேயம் பக்கத்து மண்ணில் பிறந்து வளர்ந்து, வனக்காப்பாளராகப் பணியில் சேர்ந்து, மலையடிவாரச் சரகம் ஒன்றில் முதன்முதலாக ஒரு மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றிய விவரத்தைச் சாட்சிகள் முன் பதியும் ஆவணத்தை, என் கையால் எழுதியபோது, புள்ளிமான் இறைச்சி கைப்பற்றப்பட்ட இடத்தை ‘ஓடைக்கு வடக்கே உள்ள காட்டில்’ என்று எழுதினேன். எழுதும்போது அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் நின்றபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல், ‘நீங்கள் எழுதியிருக்கும் காடு காப்புக்காடா, பட்டா நிலமா?’ என்று கேட்டார்.

பட்டா நிலம்தான். அதை அப்படியே சொன்னேன். ஆனால் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட புகாரில், 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைந்த குற்றமும் சேர்க்கப்பட்டிருந்தது. நான் எழுதிய சொல்லை நம்பிச் சேர்க்கப்பட்ட குற்றம் அது. வேட்டைக் குற்றத்துக்கு நிலம் யாருடையது என்பது பொருட்டில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பட்டா நிலத்திலும் செல்லும். ஆயினும், பொருள் கிடந்த இடத்தையே சரியாக எழுதத் தெரியாதவர் எழுதிய மற்ற வரிகளை எப்படி நம்புவது என்ற கேள்வி ஒருமுறை எழுந்துவிட்டால், அதன்பின் மகஜரின் ஒவ்வொரு வரியும் அந்தக் கேள்வியின் ஊடாகத்தான் வாசிக்கப்படும். போதாக்குறைக்கு, இறைச்சி கெட்டுவிடக் கூடாதே என்று நான் அதை ஃபார்மலினில் இட்டு அனுப்பியிருந்தேன். எந்த விலங்கின் இறைச்சி என்று உறுதிசெய்ய இயலவில்லை என ஆய்வகம் அறிக்கை தந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அவர் அன்று மான் கறி சமைத்தார் என்பதில் எனக்கு இன்றளவும் ஐயமில்லை. ஆனால் என் நிச்சயத்தை நீதிமன்றத்தில் அளந்து காட்ட முடியாது.

அந்தத் தீர்ப்பு வந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, வனவராகப் பதவி உயர்வு பெற்றிருந்த வேளையில், வன உயிரினக் குற்ற இடத்தை ஆராயும் முறை பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்காகக் கோவைக்கு அனுப்பப்பட்டேன். வனத்துறைப் பயிற்சிக்குக் கோவை பழைய ஊர். வனக் கல்லூரி இங்கே 1912-இல் தொடங்கப்பட்டது. பயிற்சி என்றால் மின்விசிறியின் கீழ் அமர்ந்து திரையைப் பார்த்துக் கண் அயர்வது என்ற எண்ணத்தோடுதான் எங்களில் பலர் வந்திருந்தோம். முதல் நாள் காலை வகுப்பு அந்த எண்ணத்துக்கு ஏற்றபடியே நடந்தது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் 1910-இல் ஒரு தடய ஆய்வகத்தைத் தொடங்கிய எட்மண்ட் லொக்கார்டைப் பற்றியும், ஓரிடத்துக்கு வருகிறவன் எதையாவது விட்டுச் செல்வான், எதையாவது எடுத்தும் செல்வான் என்ற அவருடைய கொள்கையைப் பற்றியும் சொன்னார்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பிற்பகலில்தான் அந்தக் கொள்கை எங்களையே குறித்துச் சொல்லப்பட்டது என்பது விளங்கியது.

வளாகத்தின் பின்புறம் சீமைக்கருவேல் அடர்ந்த ஒரு மூலையில் போலிக் குற்ற இடம் ஒன்றை அமைத்திருந்தார்கள். சணல் சாக்கு ஒன்று, அதிலிருந்து கசிந்த இரத்தம், சற்றுத் தள்ளி ஒரு சுருக்குக் கம்பி, பீடித் துண்டுகள், காலி மதுப்புட்டி, ஈர மண்ணில் இரு சக்கர வாகனத்தின் டயர் தடம். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவை அங்கே விட்டுவிட்டு, ‘நீங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பயிற்றுநர் ஒதுங்கி நின்றார். நாங்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தோம். ஒருவர் சாக்கை நோக்கி நேராக நடந்தார், ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார், ஒருவர் சுருக்குக் கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, ‘இது கிளட்ச் ஒயருங்க’ என்றார். சாக்கின் வாயை அவிழ்த்தது நான். இருபது நிமிடம் கழித்துப் பயிற்றுநர் எங்களை வெளியே அழைத்து, எங்கள் காலணிகளின் அடிப்பாகத்தைக் காட்டச் சொன்னார். பிறகு தரையில் இருந்த தடங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினார். டயர் தடத்தின் மீது மூன்று பேருடைய காலடி இருந்தது. அதைக் காட்டிலும் எனக்கு உறைத்தது வேறொன்று: சாக்கின் வாயில் போடப்பட்டிருந்த முடிச்சை நான் அவிழ்த்துவிட்டேன். அது எங்கள் பக்கத்துப் பருத்தி மூட்டைக்குப் போடும் முடிச்சா, மீன்பிடிப்பவர் போடும் முடிச்சா, எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தது என்று அவர் கேட்டபோது எங்கள் எட்டுப் பேரில் எவராலும் சொல்ல முடியவில்லை. முடிச்சை ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது என்பதும், முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் கயிற்றை அறுத்து, அறுத்தது நாம்தான் என்பதற்கு அடையாளமாக அறுந்த முனைகள் இரண்டிலும் சீட்டுக் கட்ட வேண்டும் என்பதும் அன்று கற்றவை.

குற்ற இடத்துக்கு முதலில் போய்ச் சேர்கிறவரின் வேலை, பெரும்பாலும் எதையும் செய்யாமல் நிற்பதுதான். குற்றவாளி வந்து போயிருக்கக்கூடிய வழியைத் தவிர்த்து ஒரே ஒரு நடைபாதையைக் குறித்துக்கொண்டு, உள்ளே போகிற எவரும் அதன் வழியாகவே போய் அதன் வழியாகவே திரும்ப வேண்டும். போனவர் யார், எந்த நேரத்தில், எதற்காக என்று ஒருவர் வெளியில் நின்று எழுத வேண்டும்; மாவட்ட வன அலுவலரே வந்தாலும் அந்தத் தாளில் அவர் பெயர் ஏற வேண்டும். இதை வகுப்பில் கேட்டபோது சிரித்தோம். களத்தில் மேலதிகாரியிடம் ‘ஐயா, இந்தப் பக்கமாக வாருங்கள், இங்கே கையெழுத்திடுங்கள்’ என்று சொல்வதற்கு நமது துறையில் எவ்வளவு துணிவு வேண்டும் என்பது வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். என் அனுபவத்தில், அந்தத் தாளை அட்டையில் பொருத்திப் பேனாவோடு நீட்டிவிட்டால் எவரும் மறுப்பதில்லை. வாயால் கேட்டால்தான் சங்கடம்.

படம் எடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. இடம் முழுவதும் தெரியும்படி நான்கு திசைகளிலிருந்தும் தொலைவுப் படங்கள், பிறகு ஒரு தடயத்துக்கும் அருகிலுள்ள நிலையான ஓர் அடையாளத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் இடைநிலைப் படம், இறுதியாக அளவுகோல் வைத்தும் வைக்காமலும் கிட்டத்துப் படம். அளவுகோல் இல்லாமலும் ஒரு படம் எடுப்பது ஏன் என்றால், அளவுகோலின் கீழ் எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதற்காக. கைப்பேசியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அதிலிருந்து அச்செடுத்துக் கோப்பில் இணைக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது, எடுத்த நேரம் முதலிய விவரங்களும் தொலைகின்றன. இப்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் இணைக்க வேண்டும்; அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் குறியீடு) குறிப்பிட வேண்டியிருக்கிறது. படத்தை எடுத்த கருவி யாருடையது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், கைப்பேசியை மாற்றிய பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும்.

காலடித் தடத்துக்கு வார்ப்பு எடுக்கும் பாடத்தை எல்லோரும் விரும்பினோம். பாரிஸ் சாந்தைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, நேராகத் தடத்தின் மீது ஊற்றாமல் ஒரு கரண்டியின் முதுகில் விழச் செய்து மெல்ல ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் விழும் வேகத்திலேயே தடத்தின் நுணுக்கங்கள் கரைந்துவிடும். அரை மணி நேரமாவது பொறுத்த பிறகே எடுக்க வேண்டும். யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைக்கும் என்பது வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலருக்கும் முன்பே தெரிந்திருந்தது. மலைவாழ் சமூகத்திலிருந்து வந்த ஒரு காவலர், பயிற்றுநர் நாடாவை எடுப்பதற்கு முன்பே ஒரு கொடியை வளைத்து அளந்து சொல்லிவிட்டார்.

பொருள்களை இனங்காணும் வகுப்பைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான். யானைத் தந்தத்தைக் குறுக்காக வெட்டிய பரப்பில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஷ்ரேகர் கோடுகள், வெளி விளிம்பருகே விரிகோணத்தில் சந்திக்கும், மாமூத் தந்தத்தில் குறுங்கோணத்தில் சந்திக்கும், பிளாஸ்டிக்கில் அவை இருக்கவே இருக்காது. பெருவிரல் பருமன் உள்ள ஒரு வளையல் துண்டில் அந்தக் கோடுகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது, வகுப்பே சற்று நேரம் பேசாமல் இருந்தது. புலிநகம் என்று சங்கிலியில் கோத்து விற்கப்படுபவற்றுள் பல, மாட்டுக் கொம்பிலோ குளம்பிலோ செதுக்கியவை. உண்மையான நகத்தின் கொம்புறைக்குள்ளே எலும்பு இருக்கும். இதைக் கற்றுக்கொண்ட பெருமிதத்தில், ‘போலி என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாமா?’ என்று ஒருவர் கேட்டார். அதைத் தீர்மானிக்க வேண்டியது ஆய்வகம். நாம் ‘புலிநகம் போன்ற பொருள்’ என்று எழுதிக் கைப்பற்றி அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. ‘போன்ற’ என்ற அந்தச் சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்தேன். அதே வகுப்பில் மற்றொன்றையும் திருத்திக்கொண்டேன்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், உயிரினங்களை வகைப்படுத்தும் அதன் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகிவிட்டன, என் பழைய குறிப்பேட்டில் இருந்த அட்டவணை எண்களில் பல இப்போது தவறு.

மூன்றாம் நாள் முழுவதும் கொங்குப் பகுதிக்காகவே வகுத்த பாடம்போல் இருந்தது. இங்கே துப்பாக்கியைவிட அதிகமாக நாம் எதிர்கொள்வது கள்ள மின்வேலி, அவுட்டுக்காய், சுருக்குக் கம்பி, விஷம் ஆகியவைதான். இவற்றில் அவுட்டுக்காய் குறித்துச் சொன்ன ஒரு செய்தி என் பார்வையையே மாற்றியது. காட்டுப்பன்றிக்காக வெடிமருந்தையும் கூழாங்கற்களையும் சுருட்டித் தீனிக்குள் மறைத்து வைக்கும் அந்த வெடியை யானை கடித்தால், பெரும்பாலும் உடனே சாவதில்லை. தாடை சிதைந்து, நாக்கு கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் நடந்து, எங்கோ ஓர் ஓடையில் விழுகிறது. ஆகவே யானை இறந்து கிடக்கும் இடத்தை நாடா கட்டிச் சல்லடை போட்டுச் சலித்தாலும் குற்றம் நடந்த இடத்தின் மண் ஒரு பிடிகூடக் கிடைக்காது. அதன் வழித்தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போய், சாணத்தின் அளவு எங்கே குறையத் தொடங்கியது, மென்று துப்பிய தழை எங்கே கிடக்கிறது, உமிழ்நீரும் இரத்தமும் எங்கே சிந்தியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சென்றால்தான், காகிதத் துணுக்கும் நூல் துண்டும் கருகிய கல்லும் கிடக்கும் இடத்தை அடையலாம். இதற்கு முன் நான் பங்கெடுத்த ஒரு விசாரணையில் எங்களில் ஒருவர்கூட அப்படிப் பின்னோக்கி நடக்கவில்லை.

மின்வேலிக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: இடம் அங்கேயே இருக்கும், வேலி இருக்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று பெண் யானைகள் மின்வேலியில் சிக்கி இறந்தபோது, அவற்றோடு வந்த இரு குட்டிகள் அவற்றைச் சுற்றியே நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் விலங்கு இறந்ததும் விடிவதற்குள் கம்பியைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். அப்போது பார்க்க வேண்டியவை, கம்பு நட்டுப் பிடுங்கிய குழிகள், ஒரே நேர்க்கோட்டில் மடிந்து கிடக்கும் புல், கம்பி ஓடிய வழியில் செத்துக் கிடக்கும் எலியும் தவளையும், மின்கம்பத்தின் கம்பியில் கொக்கி மாட்டிய புதுக் கீறல், விலங்கின் தும்பிக்கையிலோ காலிலோ உள்ள கோடுபோன்ற தீக்காயம். ஆனால் இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்பு மின்வாரியத்தாரை வரவழைத்து மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று உறுதிசெய்ய வேண்டும். ஈரத் தரையில் ஆர்வத்தோடு ஓடுகிறவர் அடுத்த பிரேதமாகிவிடக் கூடாது என்று பயிற்றுநர் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை.

மாதிரிகளைப் பாதுகாக்கும் முறையில்தான் என் பழைய வழக்கு தோற்றது என்பதால், அந்த வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்தேன். மரபணுப் பரிசோதனைக்கான தசைத் துண்டைத் தூய எத்தனாலில் இடலாம். அல்லது நன்கு உலர்த்தி அனுப்பலாம். ஃபார்மலின், திசுவில் உள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கி, மரபணு இழைகளையும் சிதைத்துவிடுகிறது; நோயியல் பரிசோதனைக்கு அது தேவை, இனங்காண்பதற்கு அது எதிரி. குழம்பில் வெந்த கறித்துண்டிலிருந்துகூட விலங்கினத்தைக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு, ஏனெனில் ஒவ்வோர் உயிரணுவிலும் உட்கரு ஒன்றே ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவோ நூற்றுக்கணக்கில் இருப்பதால் அதன் மரபணுவில் சில துண்டுகளாவது சமையலில் தப்பிக்கும் என்று விளக்கினார்கள். அன்றைக்கு நான் அந்தச் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து எத்தனாலில் போட்டிருந்தால் போதும். விஷப் பரிசோதனைக்கான உள்ளுறுப்புகளுக்கு உப்பின் நிறைகரைசல்; அதாவது, எவ்வளவு கலக்கினாலும் அடியில் உப்பு கரையாமல் தங்கி நிற்கும் அளவுக்குக் கரைத்த தண்ணீர். அதே கரைசலை மட்டும் தனியாக ஒரு புட்டியில் நிரப்பி முத்திரையிட்டு உடன் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விஷம் உப்பிலேயே இருந்தது என்று வாதிட இடம் கிடைக்கும். இரத்தம் பட்ட துணி, ஈரமான இறகு போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும்.

நான்காம் நாள் நடந்த மாதிரி நீதிமன்றத்தில், ஓய்வு பெற்ற அரசு வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்தரப்பாக அமர்ந்திருந்தார். முந்தின நாள் நாங்கள் எழுதிய மகஜர்களே அவர் கையில் இருந்தன. என் மகஜரில், ‘விஷம் கலந்த அரிசி சுமார் 200 கிராம் கைப்பற்றப்பட்டது’ என்று ஒரு வரி. அதில் விஷம் கலந்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். நாற்றத்தால் தெரிந்தது என்றேன். எந்த மருந்தின் நாற்றம், அதை முன்பு எங்கே முகர்ந்தீர்கள், அதற்கு ஏதேனும் பயிற்சி பெற்றீர்களா, அரிசியைத் தராசில் நிறுத்தீர்களா, ‘சுமார்’ என்றால் எவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் ஏழாவது கேள்வியில் ‘இருக்கலாம்’ என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்; அவருக்குத் தேவையான சொல் கிடைத்துவிட்டது. பிறகு, எழுந்து வந்து, அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று அவரே சொன்னார்: ‘கடும் நெடியுடைய, நிறம் மாறிய, அரிசி போன்ற மணிகள், எடையிட்டதில் 184 கிராம்.’ அவ்வளவுதான். விஷமா என்பதை ஆய்வகம் சொல்லட்டும், யார் வைத்தார் என்பதைச் சாட்சிகள் சொல்லட்டும், நீங்கள் உங்கள் கண்ணும் மூக்கும் தராசும் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். கண்டதையும் கருதியதையும் ஒரே வரியில் எழுதும் பழக்கம் எனக்கு எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பது, அன்றிரவு விடுதியில் என் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் புலப்பட்டது. ‘வேட்டைக்காரர்கள் தப்பியோடினர்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். நான் பார்த்தது இருட்டில் இரண்டு கைவிளக்கின் வெளிச்சம்.

பயிற்சியில் சொன்ன ஒன்றோடு மட்டும் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. அந்த ஊரைச் சேர்ந்த சுயேச்சையான சாட்சிகள் இருவரை உடனே வரவழையுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்களில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்பவர் பெரும்பாலும் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருப்பார். இன்றைக்கு மகஜரில் கையெழுத்திட்டுவிட்டு நாளைக்கு அதே வாய்க்காலில் தண்ணீர் முறை பங்கிட வேண்டும். நெருக்கிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால், நீதிமன்றத்தில் ‘வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று பிறழ்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிராம நிர்வாக அலுவலரை அழைப்பதும், மனமுவந்து வருகிற ஒருவர் கிடைக்கும்வரை பொறுமையாக இருப்பதும்தான் நான் கண்ட வழி.

பயிற்சி முடிந்த அடுத்த ஆவணியில், மானாவாரி நிலங்களும் தென்னந்தோப்புகளும் கலந்த என் பிரிவில் ஒரு காலை நேரம், ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் பேரனின் கைப்பேசியிலிருந்து அழைத்து, இட்டேரி ஓரம், அதாவது வேலிகளுக்கு இடையே போகும் ஒடுங்கிய பாதையோரம், மயில்கள் செத்துக் கிடப்பதாகச் சொன்னார். வழக்கு இன்னும் விசாரணையில் இருப்பதால் ஊரையும் பிற விவரங்களையும் தவிர்க்கிறேன். மயில் அட்டவணை 1-இல் உள்ள பறவை. அதைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஆடிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலையைக் கொத்திக் கிளறும் மயில்களால் என் சித்தப்பா இரண்டு முறை மறுவிதைப்புச் செய்ததை நேரில் பார்த்தவள் நான்; ஆகையால் அந்தத் தோட்டத்துக்காரர் தூரத்தில் கைகட்டி நின்ற கோலத்தைப் பார்த்தபோது என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை. வெறுப்போ இரக்கமோ மகஜரில் ஏறக் கூடாது என்பதற்காகவே, முதல் பத்து நிமிடம் எவரிடமும் பேசாமல் கிளுவை வேலிக்கு வெளியே நின்று நாய்களை விரட்டுவதற்கு மட்டும் ஆள் நிறுத்தினேன். விஷம் தின்ற பறவையை நாய் தின்றால் நாயும் சாகும், தடயமும் போகும்.

ஒன்பது மயில்கள். ஆண் பறவை இரண்டும் தோகை உதிர்ந்திருந்தன. கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன. ஒரு பறவையின் அலகருகே செத்த ஈக்கள் கிடந்தன. பிணத்தை மொய்த்த ஈயே செத்துக் கிடந்தால் பூச்சிமருந்தை நினைக்க வேண்டும் என்று மூன்றாம் நாள் வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. நினைத்துக்கொண்டேன், எழுதவில்லை. ‘அலகின் அருகே இறந்த ஈக்கள் பதினொன்று’ என்று மட்டும் எழுதினேன். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எவரையும் நெருங்க விடவில்லை, ஏனெனில் இந்த மருந்துகளுள் சில தோல் வழியாகவும் ஏறும். ஒவ்வொரு பறவைக்கும் எண் அட்டை வைத்து, கிணற்று மேட்டையும் வேலியின் மூலைக் கல்லையும் நிலையான புள்ளிகளாகக் கொண்டு இரு பக்கமும் நாடா பிடித்து அளந்து வரைபடம் வரைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. கூட வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். கால்நடை உதவி மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்தபோது, தீனிப்பையில் செரிக்காத மணிகள் நிறைந்திருந்தன; அவற்றைத் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, மூடியின் மேல் துணி சுற்றி, அரக்கு வைத்து, முத்திரையின் மாதிரியையும் ஒரு தாளில் பதித்துக் கோப்பில் சேர்த்தேன். புட்டியின் சீட்டில் உள்ள எண்ணும் மகஜரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நான் சரிபார்த்தபின், வேறொருவரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். புட்டிகள் என் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எந்த அறையில் எத்தனை மணி வரை இருந்தன, ஆய்வகத்தில் ஒப்படைத்தவர் யார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து வாங்கினேன். கல்லுப்பு, அரக்கு, கண்ணாடிப் புட்டி, காகித உறை, சிறு தராசு, பாரிஸ் சாந்து, அளவுகோல் எல்லாம் அடங்கிய பையை என் சொந்தச் செலவில்தான் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாமாக ஒரு நல்ல சேலை விலைகூட ஆகவில்லை. நீங்களும் அரசாணைக்குக் காத்திருக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூதாட்டி தாமாகவே சாட்சியாக நிற்க இசைந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், கிராம நிர்வாக அலுவலரின் முன்னிலையில் மகஜர் முழுவதையும் மெல்ல வாசித்துக் காட்டினேன். ‘வடபுற இட்டேரி’ என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

‘அது வடக்கால இட்டேரி இல்ல கண்ணு, மேக்கால இட்டேரி. வடக்காலது வண்டி போற தடம், அது வேற.’

திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. தவறான சொல்லை வாசிக்கும்படி விட்டு ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே ‘மேற்புற’ என்று எழுதி, ஓரத்தில் நானும் அலுவலரும் சுருக்கொப்பமிட்டோம். மூதாட்டியும் தம் பெருவிரலை அழுத்தினார். வாசித்து முடித்த பிறகு சற்று யோசித்துவிட்டு, ‘ஏங்கண்ணு, காட்டுல கெடந்துச்சுன்னு எங்கியுமே எழுதலியே?’ என்று கேட்டார்.

அவருடைய வாக்குமூலத்தை எழுதும்போது, ‘காட்டுல கெடந்துச்சு’ என்று அவர் சொன்னதை மாற்றாமல் அப்படியே மேற்கோளில் எழுதினேன். அதன் கீழே, ‘சாட்சி காடு என்று குறிப்பிடுவது மகஜரில் கண்ட புல எண்ணுள்ள பட்டா புன்செய் நிலத்தை’ என்று எழுதி, அதையும் அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.